பையன் இன்னும் பேசவில்லை, எங்கள் இல்லாமைதான் காரணமா?

வாசகர் கடிதம்: "எங்களுக்கு அவிநாசிப் பக்கம் ஒரு கிராமமுங்க. இப்போ திருப்பூர்ல லைன் வீட்டுல வாடகைக்கு இருக்கறோம். ஊட்டுக்காரர் பனியன் கம்பெனில பவர்டேபிள் டெய்லர், நான் செக்கிங். அவர் எனக்குச் சொந்த மாமன் மகன். பையனுக்கு மூணரை வயசு ஆச்சுங்க. ரெண்டு வயசு முடிஞ்சுதான் நடந்தான். 'அம்மா', 'தா', 'போ'ன்னு ஆறேழு வார்த்தைதான் பேசறான். நாங்க வேலைக்குப் போனா மாமியார்தான் பாத்துக்கறாங்க. 'இவங்கப்பனும் அஞ்சு வயசுலதான் பேசுனான், தானா வந்துரும்'கறாங்க. பக்கத்து ஊட்டு டீச்சர், 'படிக்காத வீட்டுப் புள்ளைங்க அப்படித்தான் இருக்கும், ஸ்கூலுக்குப் போனாச் சரியாயிரும்'கறாங்க. வயித்துல இருக்கும்போது ஏழு மாசம் வரைக்கும் ஒன்றரை ஷிப்ட் பாத்தேன், சரியாச் சாப்பிடவும் இல்லை. அதனாலதான் இப்படி ஆயிருச்சா? காசு இருந்திருந்தா இது வந்திருக்காதா? வேலையை விட்டுரட்டுமா? அடுத்த குழந்தை பெத்துக்கலாமாங்க?"

பதில்:

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி, நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிறபோக்கில் சொன்ன ஒன்று: இரண்டு வயது முடிந்துதான் நடந்தான் என்பது. பெரும்பாலான குழந்தைகள் 12 முதல் 15 மாதத்துக்குள் தனியாக நடந்துவிடும். 18 மாதம் ஆகியும் நடக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பேச்சில் ஒரு வயதுக்கு ஒரு வார்த்தையாவது பொருளோடு வரவேண்டும். இரண்டு வயதில் 'பால் தா', 'அப்பா போ' என்று இரண்டு வார்த்தையைச் சேர்க்க வேண்டும். உங்கள் பையன் நடையிலும் பிந்தியிருக்கிறான், பேச்சிலும் பிந்தியிருக்கிறான். பேசிப் பழக ஆளில்லாத வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு வார்த்தை குறையும். அதற்காக நடை ஒரு வருடம் தள்ளிப்போகாது. அதனால் டீச்சர் சொன்னது உங்கள் பையனுக்குப் பொருந்தவில்லை.

மாமியார் சொன்னதில் பாதி உண்மை இருக்கலாம். சில குடும்பங்களில் பேச்சு பிந்தி வருவது வழிவழியாக உண்டு. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் எந்த வயதில் நடந்தார் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு வயதிலேயே நடந்திருந்தால் அப்பன் கதை வேறு, மகன் கதை வேறு. ஆக, காத்திருக்க வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

உங்கள் பையனுக்கு அறிவுசார் குறைபாடு என்று இந்தக் கடிதத்தை வைத்து நானோ வேறு யாரோ சொல்ல முடியாது. ஐந்து வயதுக்குக் கீழே அந்தப் பெயரை வைப்பதும் இல்லை. நடை, பேச்சு, கைவேலை, பழகுதல் என இரண்டு மூன்று துறைகளில் பின்தங்கியிருந்தால் 'பொதுவான வளர்ச்சித் தாமதம்' என்று எழுதி, காரணத்தைத் தேடி, பயிற்சியைத் தொடங்குவார்கள். ஐந்து வயதுக்கு மேல், அறிவுத்திறன் அளவு 70க்குக் கீழே இருந்து, அன்றாடக் காரியங்களிலும் வயதுக்கேற்ற திறன் இல்லை என்றால்தான் அறிவுசார் குறைபாடு என்று முடிவு செய்வார்கள். இரண்டில் ஒன்று மட்டும் குறைந்தால் போதாது.

இல்லாமையால் இது வருகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே லேசான குறைபாட்டையும் கடுமையான குறைபாட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அறிவுத்திறன் அளவு 50 முதல் 69 வரை உள்ள லேசான வகைதான் எண்ணிக்கையில் மிக அதிகம். அது ஏழை வீடுகளில், தாய் அதிகம் படிக்காத வீடுகளில் கூடுதலாகக் காணப்படுகிறது. பல நாடுகளில் எடுத்துப் பார்த்தாலும் இதே சாய்வுதான். கடுமையான வகை அப்படி இல்லை. டவுன் சின்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறுகள் பங்களாவுக்கும் லைன் வீட்டுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. ஆனாலும் ஏழை நாடுகளில் கடுமையான வகையும் ஓரளவு கூடத்தான் செய்கிறது. பிரசவச் சிக்கலும் மூளைக் காய்ச்சலும் அங்கே அதிகம் என்பதே காரணம். 52 ஆய்வுகளைச் சேர்த்து 2011இல் வெளிவந்த ஒரு கணக்கின்படி, உலக அளவில் 1000 பேருக்குச் சுமார் 10 பேருக்கு அறிவுசார் குறைபாடு இருக்கிறது. வருமானம் குறைந்த நாடுகளில் அது 16, வசதியான நாடுகளில் 9.

கையில் காசில்லை என்பது நேராகப் போய் மூளையைத் தொடுவதில்லை. அது சில வழிகளில்தான் உள்ளே வருகிறது. எந்த வழி என்று பெயர் சொல்லிக் கண்டுபிடித்தால் பலவற்றை அடைக்கலாம். 'ஏழை வீட்டுப் பிள்ளை அப்படித்தான்' என்று பொதுவாகப் பேசுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அந்தப் பேச்சு தேடலை அங்கேயே நிறுத்திவிடுகிறது.

முதல் வழி உப்பு. கருவின் மூளை உருவாகத் தொடங்கும் முதல் மூன்று மாதத்தில் குழந்தைக்குச் சொந்தமாகத் தைராய்டு சுரப்பு கிடையாது. தாயின் சுரப்பை நம்பித்தான் இருக்கிறது. அதற்குக் கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். நம் பக்கத்தில் இன்னும் பல வீடுகளில் மூட்டையிலிருந்து அளந்து கொடுக்கும் கல் உப்பைத்தான் வாங்குகிறார்கள், விலையும் குறைவு, ருசியும் பழகிவிட்டது. கல் உப்பிலும் அயோடின் கலந்தது பாக்கெட்டில் கிடைக்கிறது. சிரிக்கும் சூரியன் முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். கடையில் விற்கும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடினாவது இருக்க வேண்டும் என்பது விதி. வாங்கி வந்து அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைத்தால் சூட்டிலும் ஈரத்திலும் அது குறைந்துகொண்டே போகும். மூடி போட்ட டப்பாவில் வைத்து, குழம்பை இறக்குகிற நேரத்தில் போடுங்கள்.

இரண்டாவது வழி ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை மூளை வேகமாக வளர்கிற காலம்; அந்த நேரத்தில் இரும்புச்சத்து குறைந்தால் கவனமும் கற்றலும் மந்தமாகும். பின்னால் ரத்தம் ஏறினாலும் இழந்தது முழுதாகத் திரும்பாமல் போகலாம். பனியன் கம்பெனி வீடுகளில் குழந்தைக்கு டீயில் நனைத்த வர்க்கியும் பிஸ்கட்டும் சாப்பாடாகிவிடுவதை அடிக்கடி பார்க்க முடிகிறது. டீ, சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. குழந்தைக்கு டீயே வேண்டாம். முட்டை, ராகிக் களி, கம்மஞ்சோறு, முருங்கைக் கீரையோடு கொஞ்சம் எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும். அரசுத் திட்டத்தில் இந்த வயதுக்கு வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப்பு உண்டு. இரண்டு வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் பூச்சி மாத்திரையும் கொடுக்கிறார்கள். இரண்டும் அங்கன்வாடியில் கிடைக்கும்.

மூன்றாவது பிரசவ நேரம். தமிழ்நாட்டில் 100க்கு 99க்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன, அதனால் வீட்டுப் பிரசவம் இங்கே பிரச்சினை இல்லை. குறைமாதம், 2.5 கிலோவுக்குக் குறைந்த எடை, வலி வந்தும் வண்டி கிடைக்காமல் தாமதம், பிறந்ததும் அழாமல் மூச்சுத் திணறியது, முதல் வாரத்தில் கடுமையாக ஏறிய மஞ்சள் காமாலை, சர்க்கரை குறைந்து வந்த வலிப்பு ஆகியவைதான் பார்க்க வேண்டியவை. உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டிலும் தாய் சேய் நல அட்டையிலும் எடை, அழுத நேரம், கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்களா என்பது எழுதியிருக்கும். அதைத் தேடி எடுத்து வையுங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று ஈயம். பழைய பேட்டரி உடைக்கிற, ஈயம் உருக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தாலோ, வீட்டில் யாராவது அந்த வேலைக்குப் போய் அதே துணியோடு திரும்பினாலோ மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உங்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்கிறேன்.

கடைசி வழிதான் பேச்சும் விளையாட்டும். இதில் வறுமையும் நேரமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்குத் திரும்பும் ஒன்றரை ஷிப்டில், குழந்தை விழித்திருக்கும்போது அம்மா அப்பா வீட்டில் இருப்பது மொத்தம் இரண்டு மணி நேரம். மீதி நேரம் வயதான பாட்டியும் செல்போனும். பாட்டிக்கு அன்பு குறைவில்லை. சமையல், தண்ணி பிடிப்பது, முழங்கால் வலி என்று அவருக்கும் கை ஒழியாது. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் வயதுக்கேற்ற உயரமில்லாத 129 ஏழைக் குழந்தைகளை எடுத்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 1991இல் வந்தது. ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால் சத்துமாவு. ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு பணியாளர் வீட்டுக்கு வந்து, வீட்டிலேயே செய்த பொம்மைகளை வைத்து எப்படி விளையாடுவது, பேசுவது என்று தாய்க்குக் காட்டுவார். ஒரு பிரிவுக்கு இரண்டும், இன்னொன்றுக்கு எதுவும் இல்லை. இரண்டு வருடம் கழித்து இரண்டும் பெற்றவர்கள்தான் மிக நன்றாக வளர்ந்திருந்தார்கள். இருபது வருடம் கழித்துத் தேடிப் பார்த்தபோது, விளையாட்டுப் பயிற்சி பெற்ற பிள்ளைகள் பெறாதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அவர்கள் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் அல்ல, சத்துக்குறைவால் பிந்தியவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இல்லாத வீட்டில், விலை கொடுத்து வாங்காத பொருளை வைத்து இவ்வளவு செய்ய முடிந்தது என்பது உங்களுக்கு முக்கியம்.

வயிற்றில் இருக்கும்போது சரியாகச் சாப்பிடாததால்தானா என்று உங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறீர்கள். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் போரால் உணவு வரத்து நின்று, ஒரு ஆளுக்கு ஒரு நாள் பங்கு 1000 கலோரிக்கும் கீழே போனது. அப்போது கருவில் இருந்த ஆண்பிள்ளைகள் 19 வயதில் ராணுவத் தேர்வுக்கு வந்தபோது எடுத்த அறிவுத்திறன் அளவைகளை ஒன்றேகால் லட்சம் பேருக்குத் தொகுத்து 1972இல் வெளியிட்டார்கள். பட்டினியில் கருவிலிருந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அதே தரவில் அப்பா என்ன வேலை பார்த்தார் என்பதற்கும் மகன் பெற்ற மதிப்பெண்ணுக்கும் மட்டும் பலமான தொடர்பு தெரிந்தது. அந்தப் பெண்கள் பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் ஓரளவு நன்றாகச் சாப்பிட்டவர்கள், அதனால் பசி ஒன்றும் செய்யாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் செக்கிங் டேபிளில் நின்றதும் மதியச் சோறு குறைந்ததும் மட்டுமே ஒரு பிள்ளையின் நடையை ஒரு வருடம் தள்ளிப் போட்டிருக்கும் என்று மருத்துவம் சொல்லாது. இதை மாமியாரிடமும் சொல்லுங்கள். பல வீடுகளில் இந்தப் பழி தாயின் தலையில்தான் விழுகிறது.

சொந்தத்தில் கட்டியதைப் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் எழுதியிருக்கிறீர்கள். கொங்கு நாட்டில் பெரும்பாலும் கூட்டம், அதாவது குலம் பார்த்துத்தான் பெண் எடுக்கிறார்கள்; ஒரே கூட்டத்தில் எடுப்பதில்லை, அதனால் ரத்த உறவு இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கூட்டம் அப்பன் வழியை மட்டும்தான் கணக்கில் வைக்கும். மாமன் மகன் வேறு கூட்டமாக இருந்தாலும் உங்கள் அப்புச்சியும் அமுச்சியும்தான் அவருக்கு அப்பாருவும் ஆத்தாவும். நீங்கள் இருவரும் மரபணுவில் எட்டில் ஒரு பங்கைப் பகிர்கிறீர்கள். எந்தத் தம்பதிக்கும் பிறவிக் கோளாறுள்ள குழந்தை பிறக்க 100க்கு 2, 3 வாய்ப்பு உண்டு. மாமன் மகன், அத்தை மகள் கட்டினால் அது இன்னும் 2, 3 கூடும். அக்கா மகளைக் கட்டினால் அதைவிடக் கூடும். அப்படியும் 100இல் சுமார் 95 குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. அதனால் சொந்தத்தில் கட்டியதுதான் காரணம் என்று தீர்மானிக்காதீர்கள். மருத்துவரிடம் மறைக்கவும் வேண்டாம், ஏனென்றால் அவர் எந்தப் பரிசோதனையை முதலில் எழுதுவார் என்பதை இது மாற்றும். இரு குடும்பத்திலும் சின்ன வயதில் இறந்த பிள்ளைகள், வலிப்பு உள்ளவர்கள், பேச்சு வராதவர்கள் இருந்தால் ஒரு தாளில் உறவுமுறையோடு எழுதிக்கொண்டு போங்கள்.

எங்கே போவது? முதலில் உங்கள் தெரு அங்கன்வாடி. குழந்தைகளைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இருமுறை வரும். அடுத்து எப்போது வருகிறது என்று கேளுங்கள். ஒரு மாதத்துக்குமேல் தள்ளிப்போகிறது என்றால் காத்திருக்காமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்பகட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு நேராகப் போங்கள். டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழி சொல்வார்கள். 18 வயது வரை அங்கே பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்.

அங்கே என்ன பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன், இந்த வரிசை முக்கியம். முதலில் காது. ஆறேழு வார்த்தைதான் பேசுகிற எந்தக் குழந்தைக்கும், 'கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான்' என்று வீட்டில் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், காது கேட்கும் பரிசோதனை செய்யாமல் வேறு எதையும் முடிவு செய்யக் கூடாது. லைன் வீடுகளில் அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வடிவது சாதாரணம்; பாதி கேட்கிற குழந்தை திரும்பிப் பார்க்கும், வார்த்தையைப் பிடிக்காது. காது கேட்பதை அளக்கும் பெரா என்ற பரிசோதனைக்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். முந்தின இரவு தாமதமாகத் தூங்க வைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, வரும் வழியில் பஸ்ஸில் தூங்கவிடாமல் கூட்டிப் போங்கள். பஸ்ஸில் தூங்கிவிட்டுப் போன குழந்தைக்கு அன்று பரிசோதனை நடக்காது, ஒரு நாள் கூலி போகும்.

அடுத்து ரத்தத்தில் தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் டி. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வெயில் படாமல் வளர்கிற குழந்தைக்கு டி குறைந்து, எலும்பு மெலிந்து, நடை பிந்துவது உண்டு. அது உறுதியானால் மருந்தால் சரிசெய்யக்கூடியது. கண்ணும் பார்க்க வேண்டும். இவையெல்லாம் முடிந்த பிறகும் காரணம் தெரியாவிட்டால் குரோமோசோம், மரபணுப் பரிசோதனை. அவற்றுக்கு வெளியே பணம் கட்டச் சொன்னால் உடனே கடன் வாங்காமல், முடிவு வந்தால் சிகிச்சை மாறுமா, அடுத்த குழந்தைக்கு உதவுமா என்று கேளுங்கள். இடையில் பையனுக்கு வலிப்பு வந்தாலோ, இருந்த வார்த்தையும் மறந்துபோனாலோ இந்த வரிசையெல்லாம் பார்க்காமல் அன்றே கூட்டிப் போக வேண்டும்.

அறிவு வளர்ச்சியை அளக்கும்போது வீட்டில் பகலில் பிள்ளையைப் பார்ப்பவர் கூட இருக்க வேண்டும். வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவையில் குழந்தையைவிடப் பெரியவரைத்தான் அதிகம் கேட்பார்கள்: தானாகச் சாப்பிடுகிறானா, செருப்பு போடுகிறானா, ஒன்றுக்கு வந்தால் சொல்கிறானா என்று. இரவு மட்டும் பார்க்கும் அம்மா 'தெரியலைங்க' என்றால் மதிப்பெண் குறையும். மாமியாரைக் கூட்டிப் போங்கள். இந்த அளவையில் வசதி இன்னொரு விதமாகவும் குழப்பும். இல்லாத வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை தானே சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைக்கும். தோட்டத்துப் பெரிய வீட்டில் ஆறு வயதுக்கும் ஊட்டிவிடுவார்கள். அதனால் 'செய்கிறானா' என்பதோடு 'விட்டால் செய்வானா' என்பதையும் கேட்கிற உளவியலாளர்தான் சரியாக அளப்பார். படம் காட்டிக் கேட்கும் கேள்விகளிலும் பிள்ளை கண்ணால் பார்த்தே இராத பொருள் வந்தால் அதைத் தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் லைனில் ஒடியா, இந்தி பேசும் வீடுகள் இருந்தால், அந்தப் பிள்ளைகளைத் தமிழில் மட்டும் கேட்டுவிட்டுப் பின்தங்கியவர்கள் என்று எழுதக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

வசதியான வீடுகளில் இந்தப் பிரச்சினை இல்லை என்று நினைக்காதீர்கள். அங்கே டியூஷன் வைத்து, பள்ளி மாற்றி, பத்தாவது வரை மூடி வைக்க முடிகிறது. ஏழை வீட்டுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பிலேயே 'மக்கு' என்று ஓரமாக உட்கார வைத்துவிடுகிறார்கள். கணக்கில் ஏழைகள் கூடுதலாகத் தெரிவதில் இதற்கும் சிறு பங்கு உண்டு.

பயிற்சி என்றதும் வாரம் இருமுறை வரச் சொல்வார்கள். நான்கு முறை போவீர்கள், கூலி போகும், சூப்பர்வைசர் முகம் சுளிப்பார், ஐந்தாவது முறை நின்றுவிடும். பெரும்பாலும் இங்கேதான் அறுந்துபோகிறது. அதனால் முதல் நாளே பயிற்சியாளரிடம் சொல்லுங்கள்: 'மாதம் ஒருமுறைதான் வர முடியும், வீட்டில் தினமும் செய்ய வேண்டியதைக் காட்டிக் கொடுங்கள்' என்று. அவர் செய்து காட்டுவதை உங்கள் செல்போனில் படம் எடுத்து மாமியாருக்குக் காட்டுங்கள்.

அதுவரை வீட்டில் இப்படித் தொடங்கலாம். ஒரு நாளில் மூன்று தடவை, ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து நிமிடம், போனை எடுத்து வைத்துவிட்டு. குளிக்கும்போது ஒன்று, சாப்பிடும்போது ஒன்று, தூங்கும் முன் ஒன்று என்று ஏற்கெனவே நடக்கிற வேலையில் ஏற்றிவிட்டால்தான் நீடிக்கும். பையன் 'தா' என்றால் நீங்கள் ஒரே ஒரு வார்த்தை சேர்த்து 'தண்ணி தா' என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். 'நல்லாச் சொல்லு' என்று வற்புறுத்த வேண்டாம். ஒரு பொருளைக் காட்டிப் பெயரைச் சொன்னபின் மனதுக்குள் பத்து எண்ணும் வரை வாயைத் திறக்காமல் அவன் முகத்தைப் பாருங்கள். நாம் செய்யும் பெரிய தவறு, அவன் பதில் எடுத்து வரும் முன் நாமே சொல்லிவிடுவது. கம்பெனியிலிருந்து சுத்தமான கட் பீஸ் துணி நான்கு கலரில் இரண்டிரண்டாகக் கொண்டு வந்தால் ஜோடி சேர்க்கலாம். டம்ளரும் மூடியும், பெரிய சிரட்டைக்குள் சின்னச் சிரட்டை, இவையே போதும். பட்டன், ஊசி, நூல்கண்டு மட்டும் வேண்டாம், வாயில் போட்டுவிடுவான். ஒரு வாரத்துக்கு ஐந்து வார்த்தை போதும். அந்த ஐந்தை மாமியாரும் அப்பாவும் அதே மாதிரி சொல்ல வேண்டும். ஒருவர் 'சோறு', ஒருவர் 'மம்மு', ஒருவர் 'சாதம்' என்றால் தாமதமாகப் பிடிக்கிற குழந்தைக்கு மூன்றும் மூன்று பொருள்.

அங்கன்வாடிக்கு நாளைக்கே அனுப்புங்கள். 'பேச்சு வரட்டும், அப்புறம் அனுப்பலாம்' என்பது தலைகீழ் யோசனை. அங்கே வாரம் மூன்று முட்டை கிடைக்கும், மற்ற பிள்ளைகளின் பேச்சும் கிடைக்கும்.

வேலையை விட வேண்டாம். குறைபாடு உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் அம்மா வேலையை விட்டு, இருந்த நகையும் அடகுக்குப் போய், இல்லாமை இன்னும் கூடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. இல்லாமையால் குறைபாடு என்று பேசுகிறவர்கள் குறைபாட்டால் வருகிற இல்லாமையைப் பேசுவதில்லை. இருவரில் ஒருவர் ஒன்றரை ஷிப்டை விட்டு ஒரு ஷிப்டுக்கு மாறி ஐந்தரை மணிக்கு வீட்டுக்கு வந்தால் போதும். அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. வருமானம் இடித்தால் பிசிறு வெட்டும் வேலையை வீட்டுக்கு எடுக்கலாம், ஆனால் பையன் தூங்கின பிறகு. அதோடு, 'மூளை வளர' என்று விற்கும் டானிக்குக்கும் ஸ்டெம் செல் ஊசிக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ரத்தம் சம்பந்தமான சில நோய்களைத் தவிர ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக விற்க 2017 தேசிய வழிகாட்டல் அனுமதிக்கவில்லை. லட்சக் கணக்கில் வாங்கிக்கொண்டு ஊசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பரிசோதனையில் தாமதம் உறுதியானால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 'முத்திரை விழுந்துவிடும்' என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த வயதில் கொடுப்பது தற்காலிகச் சான்றுதான், ஐந்து வயதில் மறுபடி பார்ப்பார்கள். முன்னேறியிருந்தால் அது மாறும். குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று வந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதாந்திரப் பராமரிப்பு உதவிக்கு மனு கொடுக்கலாம். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடம் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவும் பயிற்சிச் செலவும் வரும். ஆதார், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று, போட்டோ, பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்து ஒரே பையில் வையுங்கள். பள்ளி வயது வந்ததும் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பாருங்கள். பக்கத்து அரசுப் பள்ளியிலேயே சேர்க்கலாம்.

அடுத்த குழந்தையைப் பற்றி. பெற்றுக்கொள்ளலாம், ஆனால் இவனுக்கான காரணம் தேடி முடியும் வரை தள்ளிப்போடுங்கள். காரணம் பிரசவ மூச்சுத்திணறலாக இருந்தால் அது அடுத்ததற்கு அப்படியே தொடராது, கவனமான பிரசவம் போதும். இருவரிடமிருந்தும் ஒரே மரபணுக் கோளாறு வந்திருப்பதாகத் தெரிந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அந்தக் கோளாறு எது என்று தெரிந்தால்தான் கருவிலேயே பரிசோதிக்க முடியும். அதற்காகத்தான் காரணம் தெரிய வேண்டும் என்கிறேன். கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தொடங்குங்கள். தைராய்டும் ஹீமோகுளோபினும் முன்கூட்டியே பார்த்து, ஹீமோகுளோபின் 12க்குக் குறையாமல் இருக்கும்படி சரிசெய்துகொள்ளுங்கள். உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். பிடித்தால் 26 வாரச் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு உண்டு. கான்ட்ராக்டில் பீஸ் ரேட்டுக்கு இருந்தாலும் சட்டப்படி இ.எஸ்.ஐ. உண்டு, ஆனால் பிடிக்காமல் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்; அப்படியென்றால் கருத்தரிக்கும் முன்பே கேட்டுச் சேருங்கள், அல்லது கம்பெனி ரோலுக்கு மாறப் பாருங்கள். குழந்தை பிறந்த மூன்றாம் நாள், வீட்டுக்கு அனுப்பும் முன், குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு இல்லாமல் பிறக்கிற குழந்தை பார்க்க நன்றாகவே இருக்கும். இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் அறிவு வளர்ச்சி தப்பிவிடும், சில மாதம் தாமதித்தால் தப்பாது. எல்லா இடத்திலும் தானாகச் செய்ய மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.